உடல் அவளுடையது, ஓடிபி யாருடையது?

தூரவாணிநகர்_மகள்

சென்ற மாதம் என் அம்மாவை ரேஷன் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு எழுபத்தாறு வயது. பெங்களூர் தூரவாணிநகர் தொலைபேசித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் மேசை முன் உட்கார்ந்து, தலைமயிர் போன்ற கம்பிகளைப் பற்றவைத்தவர். கடைக்காரர் கைரேகைக் கருவியை நீட்டினார். அம்மா வலது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், சிவப்பு. விரலை முன்னந்தலையில் இரண்டு முறை தேய்த்து, எண்ணெய்ப் பசை ஏறியதும் வைத்தார், அதுவும் சிவப்பு. "ஜோராகி ஒத்தி, அம்மா" என்று கன்னடத்தில் அழுத்தி வைக்கச் சொன்னார் கடைக்காரர். பின்னால் நின்றவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். ஆறாவது முயற்சியில் இடக்கை நடுவிரலுக்குப் பச்சை எரிந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, "அப்பாடா, நான்தானாம்" என்றார்.

வீடு வந்து சேரும்வரை அந்த "ஆம்" என் காதைவிட்டுப் போகவில்லை. வந்தானாம், போனானாம் என்று பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போதுதான் அந்த விகுதியைப் போடுவோம். தான் தான்தான் என்பதையே இன்னொருவர் சொல்லக் கேட்டு அறிவதுபோல ஒரு பெண் பேச நேர்ந்திருக்கிறது. அதை அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, வருத்தத்தோடு சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் பாட்டி கைநாட்டு. அந்தச் சொல்லை ஒரு வசவாகவே எங்கள் வீட்டில் அறிந்திருந்தோம். அம்மா எஸ்.எஸ்.எல்.சி. படித்து முடித்ததும், சம்பளப் பதிவேட்டில் ஒவ்வொரு மாதமும் சாய்ந்த எழுத்தில் கையெழுத்திட்டதும் அந்த வசவிலிருந்து குடும்பத்தை மீட்ட செயல்களாகப் பேசப்பட்டன. இப்போது அவரும் நானும் இந்த நாட்டில் பெரும்பாலோரும் கைநாட்டுதான். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் டெம்ப்லி என்ற சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பத்து விரல்கள், இரண்டு கருவிழிகள், ஒரு முகம் என்று உடல் அன்றிலிருந்து கணக்கில் ஏறியது. அதை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றம் சென்ற புட்டசாமி நம் ஊர்க்காரர், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

நான் இதைப் புகாராக எழுதவில்லை. எழுதும் தகுதியும் எனக்குக் குறைவு. முகத்தைக் காட்டிக் கணக்கைத் திறக்கும் மென்பொருளைச் சோதிப்பது பதினோரு ஆண்டுகளாக என் பிழைப்பு. இந்த விவாதத்தைத் தொடங்குவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. 1999இல், சிவாஜிநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் மர அட்டைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு புனைபெயரில் தமிழில் விவாதித்தவள் நான். மூன்று ஆண்டுகள் என்னை எல்லோரும் "சார்" என்றே விளித்தார்கள், நானும் திருத்தவில்லை. உடலை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே போகக்கூடிய ஓர் இடம் கிடைத்துவிட்டதென்று அன்று நம்பினேன். இன்று எந்தச் செயலியும் முதலில் கேட்பது முகத்தை. பெண்ணியம் பேசுவோர் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்? கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதோடு பேச்சை நிறுத்திவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெயநகர்_ஓய்வூதியர்

அம்மையார் எழுதியதைப் படித்தபோது உங்கள் தாயாரின் விரலுக்காக வருந்தினேன், ஆனால் முடிவுக்காக வருந்த முடியவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் நான். பழைய கைநாட்டு எப்படி நடந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. மைப்பெட்டியில் தோய்த்த ஒரு கட்டைவிரல், அதை அறிந்ததாகச் சொல்லும் இரண்டு சாட்சிகள், அவ்வளவுதான். மனைவி ஊரில் இருக்க, அக்கம்பக்கத்து யாரோ ஒரு பெண்ணை முக்காடு போட்டு அழைத்துவந்து பணம் எடுத்த கணவன்மாரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்தப் பெண் கணவனின் பெயர் கேட்டதும் விழித்தாள், அதனால் பிடிபட்டது. பிடிபடாதவை எத்தனையோ.

இன்று கர்நாடகத்தில் கிருஹலட்சுமித் திட்டத்தின் இரண்டாயிரம் ரூபாய், குடும்பத் தலைவியின் பெயரிலுள்ள கணக்கில் நேராகச் சேர்கிறது. இடையில் தரகர் இல்லை, மாமனார் இல்லை, ஊர்ப் பெரியவர் இல்லை. பெண்ணின் உடலே அவளுக்குச் சாட்சி என்று ஆனதால்தான் இது நடந்தது. ஆண் சாட்சி இரண்டு பேர் வேண்டியிருந்த காலத்துக்கு இது மேல் அல்லவா? தேய்ந்த விரலுக்கு மாற்று வழி கேளுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். உடலை அடையாளமாகக் கொள்வதே ஆணாதிக்கம் என்று தொடங்கிவிடாதீர்கள்.

ஈஜிபுரா_தோழி

ஐயா சொன்ன முக்காட்டுக் கதையை நானும் நம்புகிறேன். அதே முக்காடு இப்போது எங்கே போயிற்று என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் வேலை செய்யும் குடியிருப்பில் பெரும்பாலான பெண்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பத்தினர். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், சிலர் பௌரகார்மிகர்கள், அதாவது நகரத் துப்புரவுப் பணியாளர்கள். அவர்களுடைய ஆதாரில் விரல் அவர்களுடையது, கண் அவர்களுடையது, பெயர்கூட இனிஷியல் தகராறு ஒன்றிரண்டு தவிர அவர்களுடையதுதான். இணைக்கப்பட்டிருக்கும் கைபேசி எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பதிவு நடந்த நாளில் வீட்டில் ஒரு கைபேசிதான் இருந்தது, அது கணவரின் சட்டைப்பையில் இருந்தது. அந்த எண்தான் இன்றும் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு பெண் அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்து, இரண்டு பிள்ளைகளோடு எங்கள் அலுவலகத்துக்குப் பின்புறம் உள்ள அறையில் தங்கினாள். எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது, தெரியக் கூடாது. பிள்ளைகளைப் பள்ளி மாற்றுவதற்கு ஏதோ ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. கணினி மையத்தில் உட்கார்ந்து எண்ணை உள்ளிட்டோம். "ஓடிபி அனுப்பப்பட்டது" என்று திரையில் வந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஆறு இலக்கங்கள் அவள் விட்டுவந்த மனிதனின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. எந்தத் துறையிலிருந்து வந்த குறுஞ்செய்தி என்பதும் அதில் இருக்கும். அவனுக்கு அது போதும்: அவள் உயிரோடு இருக்கிறாள், இந்த நிமிடத்தில் ஏதோ ஒரு கணினி முன் இருக்கிறாள், பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி ஏதோ செய்கிறாள். ஐந்து நிமிடத்தில் அவளுடைய அண்ணனுக்கு அவன் பேசிவிட்டான். எண்ணை மாற்றுவதற்கு நேரில் போய் விரல் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்கு இரண்டு நாள் கூலி போயிற்று, அது வேறு.

2025 ஜூலை 1 முதல், அங்கன்வாடியில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுப் பொருளுக்கு முகச் சரிபார்ப்பு வேண்டுமென்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் அம்மாக்கள் ஆகியோர்தான் பெரும்பாலும் அதைப் பெறுபவர்கள். முதலில் ஆதார் சரிபார்ப்பு, அதற்கு ஓடிபி, பிறகு முகம். கூலிக்குப் போன கணவருக்கு அலைபேசியில் பேசி எண்ணைக் கேட்டு வாங்காமல் தன் முகத்தைப் பதிவு செய்ய முடியாத பெண்கள் இதனால் உருவாகியிருக்கிறார்கள். உடலே சாட்சி என்று ஐயா எழுதியிருக்கிறார். சாட்சிக் கூண்டின் சாவி சட்டைப்பையில் இருக்கிறது.

வைட்ஃபீல்டு_நிரலாளன்

இவையெல்லாம் நடைமுறைக் குறைகள், காலப்போக்கில் தீரும் என்பது என் எண்ணம். முகமறியும் மென்பொருள் கறுத்த பெண்களிடம் தடுமாறுவது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் மூன்று நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களின் பாலினத்தைக் கண்டறிவதில் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு, கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. ஆய்வு வெளிவந்த பிறகு அந்த நிறுவனங்கள் திருத்தின. பயிற்சிக்குத் தரும் படங்களில் எல்லா நிறமும் எல்லா வயதும் இருந்துவிட்டால் இந்த விவாதத்திற்கே இடமிருக்காது. தூரவாணிநகர் அக்காவின் அம்மாவுக்கு விரலுக்குப் பதில் முகம் வந்தால் அவருக்கு எளிதுதானே?

தூரவாணிநகர்_மகள்

தம்பி, அந்த எண்களை நான் என் அலுவலகத்தில் எத்தனை முறை காட்டியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. திருத்தம் நடந்ததும் உண்மை. ஆனால் கண்டுகொள்ளப்படுவது எப்போதும் பெண்ணுக்கு நன்மை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

2022ஆம் ஆண்டின் முதல் நாளில் நூறு பேருக்கு மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை ஒரு செயலியில் ஏற்றி ஏலம் விடுவதுபோல் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையிலும் இதே கூத்து நடந்தது. பத்திரிகையாளர்களும் வழக்குரைஞர்களுமாக, வாய் திறந்து பேசிய பெண்களே அதில் இருந்தார்கள். அங்கே எந்த மென்பொருளும் அவர்களை அடையாளம் காணத் தவறவில்லை, ஒவ்வொரு முகமும் சரியான பெயரோடு இருந்தது. மும்பைக் காவல்துறை முதலில் பிடித்தது நம் பெங்களூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையனை. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் யாரும் பேசவில்லை; எல்லோருக்கும் அந்த வயதில் ஒரு தம்பியோ பயிற்சிக்கு வந்த மாணவனோ இருந்தான்.

பெண்ணுடல் தொழில்நுட்பத்தின் கண்ணில் படாமல் இருந்ததும் உண்டு, அளவுக்கு மீறிப் பட்டதும் உண்டு. மாதவிடாயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் நிறுவனம் 2014இல் உடல்நலச் செயலியை வெளியிட்டபோது சோடியம் எவ்வளவு உட்கொண்டோம் என்பதைக்கூடக் குறித்துவைக்கலாம், மாதவிடாய்க்கு மட்டும் இடமில்லை. அடுத்த ஆண்டுதான் சேர்த்தார்கள். அதற்குள் அதற்கென்றே தனிச் செயலிகள் பெருகிவிட்டன. அவற்றில் பெரிய ஒன்றான ஃப்ளோ, பயனர்களின் தகவலை முகநூல் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2021 ஜனவரியில் சமரசம் ஆனது. அடுத்த ஆண்டு ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை நீக்கியதும், நாள் தள்ளிப்போனதைக் குறித்த ஒரு பதிவு தங்களுக்கு எதிராகச் சான்றாகுமோ என்று பெண்கள் செயலிகளை அழிக்கத் தொடங்கினார்கள்.

என் அம்மா சமையலறைக் காலண்டரில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைப்பார். பால் வாங்கிய கணக்குக்கும் அதே பென்சில், அதே போன்ற புள்ளி, ஆனால் கட்டத்தின் மேல் மூலையில். கீழ் மூலையில் இருப்பது எது என்று எனக்குப் பன்னிரண்டு வயதான பிறகுதான் சொன்னார். வீட்டுச் சுவரில், எல்லோர் கண்முன்னும் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் குறிப்பை அப்பாவால் கடைசிவரை படிக்க முடியவில்லை. அந்தப் பாதுகாப்பில் பாதியளவு உள்ள ஒரு செயலியை நான் இதுவரை சோதித்ததில்லை.

பயிற்சிப் படங்களைக் கூட்டினால் அம்மாவின் முகத்தைக் கருவி ஆறாவது முறைக்குப் பதில் முதல் முறையே அறியும், அதை நான் மறுக்கவில்லை. அறிந்துகொண்ட பிறகு அந்த முகம் யாரிடம் இருக்கிறது, யார் பார்க்கலாம், வேண்டாம் என்றால் அழிக்க முடியுமா என்று கேட்கும் பெட்டி எங்கள் சோதனைப் பட்டியலில் இல்லை.

நிலா_ஹலசூர்

நான் திருநங்கை. இந்த விவாதத்தில் "பெண்ணுடல்" என்று வரும்போதெல்லாம் நான் உள்ளேயா வெளியேயா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரியைப் படிக்கிறேன். பழக்கமாகிவிட்டது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று தேசிய சட்டப்பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கேட்டது. ஆண் அல்லது பெண் என்று மாற்ற வேண்டுமென்றால் அறுவைச் சிகிச்சைக்கான மருத்துவச் சான்றும் வேண்டுமென்றது. நான் தீர்மானிக்கலாம், ஆனால் ஆட்சியர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஆட்சியர் ஒப்புக்கொண்டாலும் கருவி ஒப்புக்கொள்ள வேண்டும். தூரவாணிநகர் அம்மாவுக்கு ஒரு நாள் "நான்தானாம்". எனக்கு இது தினசரி.

என் குரலைச் சொல்கிறேன். ஒரு வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசினேன், பெயர் வேண்டாம். பிறந்த தேதி, தாயின் பெயர், கடைசிப் பரிவர்த்தனை எல்லாம் சரியாகச் சொன்னேன். எதிர்முனையில் ஓர் இடைவெளி. "சார், அட்டை மேடம் பெயரில் இருக்கிறது, மேடத்திடம் கொடுங்கள்" என்றார் அந்தப் பெண். நான்தான் மேடம் என்றேன். மறுபடியும் இடைவெளி. பிறகு என் பாதுகாப்புக்காகவே அட்டையை முடக்குவதாகச் சொல்லி முடக்கிவிட்டார். அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருந்த திரையில் மூன்று கேள்விகள் இருந்தன, மூன்றுக்கும் நான் சரியாகப் பதில் சொன்னேன், நான்காவது கேள்வியை அவர் காது கேட்டது.

முகத்திலும் இதுதான் கதை. ஹார்மோன் எடுத்துக்கொள்ளத் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் தாடையும் கன்னமும் மாறும். மாற வேண்டும் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? 2018இல் அமெரிக்காவில் வாடகைக்கார்ச் செயலி ஒன்றின் செல்ஃபி சோதனையில், பாலின மாற்றத்தில் இருந்த ஓட்டுநர்களின் கணக்குகள் முடங்கின. அது எங்களுக்கு மட்டும் வரும் சங்கடம் என்று நினைக்க வேண்டாம். 2021இல் திருப்பதிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்ட ஹைதராபாத் ஓட்டுநர் ஒருவரையும் செயலி அடையாளம் தெரியாமல் வெளியே தள்ளியது. முடி காணிக்கை கொடுத்தவனையே தெரியவில்லை என்கிற கருவி என்னை எங்கே அறியப்போகிறது! உடல் மாறிக்கொண்டே இருக்கும் என்பது குழந்தை பெற்ற எவருக்கும் தெரியும், தைராய்டு வந்த எவருக்கும் தெரியும். கடவுச்சொல் கசிந்தால் அதை மாற்றச் சொல்கிறார்கள்; உடலை மட்டும் மாறாதே என்கிறார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2023 ஜூனிலிருந்து நடக்கும் சக்தித் திட்டத்தில் அரசுப் பேருந்தில் எங்களுக்கும் இலவசப் பயணம் உண்டு. அட்டையைக் காட்டினால் நடத்துநர் படத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். மனிதக் கண்ணுக்கு அந்த அரை நொடித் தாராளம் இருக்கிறது.

தமிழ்ச்சங்க_நூலகவாசி

மெய் என்றால் உடல், மெய் என்றால் உண்மை. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த மொழிக்காரர்கள் நாம். மெய்யைக் காட்டி மெய்யை நிறுவு என்று கருவி கேட்பதில் நமக்கு அதிர்ச்சி குறைவாகவே இருக்க வேண்டும். ஆனால் நம் மரபில் பேச விரும்பிய பெண்கள் உடலை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மணப்பேச்சு வந்ததும் ஔவை விநாயகரை வேண்டி முதுமையை வாங்கிக்கொண்டதாகக் கதை. காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேயுருவம் கேட்டுப் பெற்றார். இணையத்தில் முகப்படத்துக்குப் பதில் மல்லிகைப் பூவையும் குழந்தைப் படத்தையும் வைக்கும் நம் பெண்கள் அந்த வரிசையில் வருகிறவர்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நிலா_ஹலசூர்

அழகான ஒப்புமை, ஐயா. ஆனால் ஔவைக்கும் அம்மையாருக்கும் உடலை விடுவதுதான் விலை. நான் என் உடலை வாங்குவதற்கு எட்டு ஆண்டுகள் சேமித்தேன். அதை வாசலில் கழற்றிவைக்கச் சொல்லும் எந்தப் பெண்ணியமும் எனக்கு ஒத்துவராது. 1999இல் உங்களை "சார்" என்று அழைத்தபோது அது விடுதலையாக இருந்தது, தூரவாணிநகர் அக்கா. என்னை அப்படி அழைத்தபோது அட்டை முடங்கியது.

தூரவாணிநகர்_மகள்

உண்மை. அதை நான் யோசித்ததே இல்லை.

சட்டம்_படித்தவள்

சில நாட்களாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உடலைக் கழற்றிவைத்தாலும் அது தனியே நடமாடத் தொடங்கிவிட்ட காலம் இது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகம் ஒட்டப்பட்ட காணொளி பரவியது. அடுத்த ஜனவரியில் தில்லிக் காவல்துறை ஆந்திரத்தில் ஒருவரைக் கைது செய்தது. நாடே பேசியது முகத்தைப் பற்றி. அந்தக் காணொளியில் மின்தூக்கிக்குள் நுழைந்த உடல் இன்னொரு பெண்ணுடையது. தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தானே எடுத்துப் போட்ட காணொளியிலிருந்து அவளுடைய தலை நீக்கப்பட்டது. ஒருத்தியின் முகம் திருடப்பட்டது, ஒருத்தியின் முகம் அழிக்கப்பட்டது. இரண்டாமவளும் மனம் கலங்கி எழுதினாள். அது யார் காதிலும் விழவில்லை.

என் சித்தி மகளுக்கு இது சிறிய அளவில் நடந்தது. கல்லூரிப் பட்டமளிப்பு விழாப் படத்திலிருந்து முகத்தை எடுத்திருந்தார்கள். காவல் நிலையத்தில் முதல் கேள்வி, "படத்தை ஏன் போட்டாய்?" இரண்டாவது கேள்விதான் எனக்குச் சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித்தராதது: "இது உன் உடல் இல்லையென்றால் உனக்கு என்ன பாதிப்பு?" அவர் முரட்டுத்தனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே எந்தப் பிரிவைப் போடுவதென்று தேடிக்கொண்டிருந்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஒருவருடைய அந்தரங்க உறுப்பின் படத்தை அவர் இசைவின்றி எடுப்பதையும் வெளியிடுவதையும் தண்டிக்கிறது. ஒட்டுப்படத்தில் அந்த உறுப்பு அவளுடையதில்லையே! ஆகவே 67, 67ஏ பிரிவுகளுக்குப் போகிறார்கள். அவை ஆபாசத்தைத் தண்டிப்பவை. அங்கே கெட்டுப்போவது பார்க்கிறவர்களின் ஒழுக்கம், அவளுடைய இசைவு என்ற பேச்சே அந்த வாசகத்தில் கிடையாது. பெண்ணின் புகார் சமூகத்தின் மானக்கேடாக மொழிபெயர்க்கப்பட்டால்தான் வழக்கு நிற்கிறது.

2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் கொஞ்சம் தெளிவானவை. செயற்கையாகத் திரிக்கப்பட்ட படத்தையும் அவை பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் தளம் நீக்க வேண்டுமென்றன. நாங்கள் அதைப் பயன்படுத்தினோம். இன்னொன்றையும் பயன்படுத்தினோம்: 2021 டிசம்பரில் தொடங்கிய ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவளுடைய கைபேசியிலேயே அந்தப் படத்திலிருந்து ஓர் எண்கோவையைக் கணக்கிட்டு, அதை மட்டும் அனுப்புகிறது. சேர்ந்திருக்கும் தளங்களில் அதே எண்கோவையுள்ள படம் ஏறினால் தடுக்கப்படும். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்; சேராத தளங்களில் பயனில்லை. ஆனாலும் அந்த இரவில் அவள் செய்த முதல் காரியம் அது, அதை அவளே செய்தாள், படம் அவள் கையைவிட்டுப் போகவில்லை. விளக்கப் பக்கத்தில் அந்த எண்கோவையைப் படத்தின் "கைரேகை" என்று எழுதியிருந்தார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். மூன்று நாட்களில் அவள் சிரித்தது அப்போதுதான்.

வைட்ஃபீல்டு_நிரலாளன்

சோதனைப் பட்டியலில் அந்தப் பெட்டி இல்லை என்று அக்கா எழுதியதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் குழுவின் பட்டியலிலும் இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் கேட்டேன், "தேவை ஆவணத்தில் இருக்கிறதா?" என்றார்கள். இல்லை.

ஜெயநகர்_ஓய்வூதியர்

தொடக்கத்தில் எழுதியதை நான் திரும்பப் பெறவில்லை. முக்காட்டுக் கணவர்களைக் கருவி ஒழித்தது நல்லதுதான். ஆனால் ஈஜிபுரா அம்மையார் எழுதியதைப் படித்த இரவு ஓர் ஐயம் வந்து எழுந்து போய்ப் பார்த்தேன். என் மனைவியின் ஆதாரில், வங்கிக் கணக்கில், சமையல் எரிவாயுவில், மருத்துவக் காப்பீட்டில், எல்லாவற்றிலும் இருப்பது என் எண். நாற்பத்தோரு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் வாழ்கிறோம். நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, படிவம் நிரப்பியது நான், அதனால் என் எண்ணை எழுதினேன். அவளுக்கென்று ஒரு கைபேசி பத்தாண்டுகளாக இருக்கிறது.

சென்ற வியாழக்கிழமை இருவரும் மையத்துக்குப் போனோம். வரிசையில் ஒன்றரை மணி நேரம். திரும்பும் வழியில் அவள், "இனி நான் எதை வாங்கினாலும் உங்கள் பையில் மணி அடிக்காது, இல்லையா?" என்று கேட்டாள். அடிக்காது என்றேன். இத்தனை ஆண்டுகளில் அடித்தபோதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் காலை அவளுடைய கைபேசி பூஜை அலமாரியில் இருந்தது. எடுத்தேன், புதிதாகப் பூட்டு எண் கேட்டது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஈஜிபுரா_தோழி

ஐயா, வங்கிக் கணக்கில் எண்ணைத் தனியே மாற்ற வேண்டும். ஆதாரில் மாற்றினால் அங்கே தானாக மாறாது. எரிவாயுவுக்கும் அப்படித்தான். அம்மாவையே போகச் சொல்லுங்கள், நீங்கள் பை பிடித்துக்கொண்டு வெளியே நின்றால் போதும்.